பாட்டின் அடியில் ஓடிய குரல்

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மாட்டுங்காவுக்குக் குடிவந்தபோது ஏதோ வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. நடந்து போகிற தூரம்தான். ஆனால் எங்கள் சந்தில் எப்போதும் தோல் ஊறும் வாசனை; இங்கே காலையில் ஜன்னலைத் திறந்தால் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. அங்கே ஒரு வீட்டில் பேசுவது நாலு வீட்டுக்குக் கேட்கும். இங்கே கதவுகளைச் சாத்தி வைத்திருப்பார்கள்.

என் கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வேலைக்கு நடந்தே போகலாம் என்பதற்காக, மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் ஒரு கோலியை வாடகைக்குப் பிடித்தார். பம்பாயில் ஒற்றை அறை வீட்டைக் கோலி என்றுதான் சொல்வார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தேன்.

எங்கள் அறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மாமி இருந்தாள். நாற்பது வயதை நெருங்கியிருப்பாள். கணவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தார், பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். வராந்தாவில் எதிர்ப்பட்டால் மாமி லேசாகச் சிரிப்பாள், அவ்வளவுதான். அவள் வீட்டுச் சமையலறையும் என் அடுப்பு மூலையும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. மெல்லிய சுவர். அந்தப் பக்கம் தாளிக்கிற கடுகு வெடிப்பது இந்தப் பக்கம் கேட்கும்.

குடிவந்த சில நாட்களிலேயே அந்தக் குரலைக் கேட்டுவிட்டேன்.

மத்தியானம். ஆண்கள் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், குழாயில் தண்ணீரும் நின்று, கட்டடமே அடங்கிக் கிடக்கிற நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், மிகவும் தாழ்ந்த குரல், "பொறு... பொறு..." என்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் அதே இடத்தில், "பொறு... கொஞ்சம் பொறு..." என்றது. பேச்சு என்று சொல்ல முடியாது, இழுத்து இழுத்து வந்தது. பாட்டு என்றும் சொல்ல முடியாது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டு யாரையோ காத்திருக்கச் சொல்கிற மாதிரி இருந்தது.

அந்த இடைவெளிகள்தான் என்னைப் பயமுறுத்தின. அவற்றில் யாரோ பதில் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் அது கேட்கவில்லை என்று தோன்றும். அவளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த "பொறு"வைச் சொல்கிறாள் என்று தோன்றும். மாமியைத் தவிர அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கீழ்மாடியில் இருந்த அம்மாளிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"உனக்கும் கேட்டுதா?" என்றாள் அவள். "அவ இங்கே குடிவந்ததுலேர்ந்தே கொஞ்சம் ஒரு மாதிரிதான். சுருதின்னா என்னன்னே தெரியாது. நவராத்திரிக்கு எல்லாரையும் பாடச் சொல்லுவோம், அவளை மட்டும் கேக்க மாட்டோம். நீ வயித்துல புள்ளையோட இருக்கே. மத்தியானத்துல அந்தச் சுவர்ப் பக்கம் உக்காராதே."

அதற்கப்புறம் மத்தியானச் சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆனாலும் கேட்கும். கேட்டுக் கேட்டு, எனக்கே தெரியாமல் அது எனக்குள்ளும் புகுந்துவிட்டது. ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, யாரைப் பொறுக்கச் சொல்லுத?" என்றார்.

என் வாயிலிருந்துதான் அது வந்துகொண்டிருந்தது. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. தாராவியில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, குழந்தை தவழ ஆரம்பித்த பிறகுதான் மாட்டுங்காவுக்குத் திரும்பினேன். அப்போது என்னோடு ஒரு கிராமபோன் பெட்டியும் வந்தது.

தாராவியில் என் அண்ணன் பழைய சாமான் கடை வைத்திருந்தான். பங்கார் கடை என்பார்கள். இரும்பு, தகரம், காலி பாட்டில் எல்லாம் வரும். அந்தச் சமயத்தில் பழைய இசைத்தட்டுகளும் வந்துகொண்டிருந்தன. பணக்கார வீடுகளில் புதிய ரேடியோகிராம் வாங்கியவர்கள், கைப்பிடி சுற்றுகிற பழைய பெட்டிகளையும் கனத்த கறுப்புத் தட்டுகளையும் கோணிப்பையில் கட்டி எடைக்குப் போட்டார்கள். அண்ணன் அவற்றை உடைத்து அரைக்கிற இடத்துக்கு அனுப்புவான். அரைத்த தூளிலிருந்து வேறு ஏதோ செய்வார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கோணியைக் கடை வாசலில் அவிழ்த்துக்கொண்டிருந்தான். மேலாக இருந்த தட்டை நான் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"இதுல பாட்டு இருக்குமாண்ணே?"

"இருந்தா என்ன? கேக்கத்தான் ஆள் இல்லையே. எல்லாம் செத்த பாட்டு" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெட்டியும் கெடக்கு, ஸ்பிரிங் போயிட்டு. மாப்பிள்ளைக்கு சரி பண்ணத் தெரியும்லா? பையோட எடுத்துட்டுப் போ" என்றான்.

என் கணவருக்கு இயந்திரம் என்றால் உயிர். இரண்டு வாரம் பெட்டியைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். ஸ்பிரிங்கைச் சரிசெய்து, எண்ணெய் போட்டு, கைப்பிடியைச் சுற்றி, முதல் தட்டை வைத்த சாயங்காலம், குழந்தையும் நாங்களும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது மாட்டுங்காவில் கல்லூரிப் பையன்கள் நெற்றியை மறைத்து முடி வளர்த்துக்கொண்டு, நாலு நாலு பேராகச் சேர்ந்து கிதார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்டடத்து மொட்டை மாடியிலும் ஒரு கூட்டம் ஒத்திகை பார்க்கும். இங்கிலீஷில் பாடுவார்கள். இப்படிக் கூட்டமாகப் பாடுவதைத் தாங்கள்தான் முதல்முதலில் கண்டுபிடித்ததாக அவர்களுக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் நினைப்பு, அந்தக் கோணியைப் பார்க்கும்வரை.

அதில் எத்தனை கோஷ்டிகள்! உலக யுத்த காலத்திலும் அதற்கு முன்னாலும் இதே பம்பாயில் பாடியவர்கள். கோவாக்காரர்களின் நடன வாத்தியக் குழு ஒன்று, டிரம்பெட் சிரிக்கிற மாதிரியே வாசிக்கும். மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டு நடுநடுவே விசிலடிக்கிற அண்ணன் தம்பிகள். சோடா விற்பவனைப் பற்றி இந்தியில் பாடி, கடைசியில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிற ஒரு ஜோடி. வேட்டி கட்டியவர்கள் கோட்டுப் போட்டு ஆடுகிற மாதிரியான ஒரு தமிழ்ப் பாட்டு, அதற்கு அடியில் பியானோ. லேபிள் கிழிந்திருக்கும், அழிந்திருக்கும். நன்றாக இருந்தாலும் குழுவின் பெயர் மட்டும்தான், பாடியவர்கள் யார் என்று இருக்காது.

"யாரு பெத்த பிள்ளைகளோ, பேரு கூடப் போடல" என்பார் என் கணவர். ஒவ்வொரு தட்டுக்கும் சொல்வார்.

எங்களுக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் கடைக்குப் போய் புதிதாக வந்த கோணிகளைக் கிளறுவோம். தாதரில் நடைபாதையில் பழைய சாமான் பரப்புகிறவர்களிடம் தேடுவோம். சினிமாப் பாட்டுத் தட்டுகளைத் தள்ளிவிட்டு, யாரும் கேள்விப்படாத கோஷ்டிகளை மட்டும் பொறுக்குவோம். ஏன் என்று கேட்டால் எங்களுக்கே சொல்லத் தெரியாது. இத்தனை சந்தோஷமாகப் பாடிவிட்டு இவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்ற நினைப்புதான். சாயங்காலம் அறையில் அந்தப் பாட்டுகள் ஓடும்போது, பார்க்க முடியாத ஒரு கூட்டம் எங்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பயமாக இருக்காது. ஆனால் தட்டு நின்ற பிறகு விளக்கைப் போட ஏனோ அவசரப்படுவேன்.

அந்தத் தட்டு அண்ணன் கடையிலிருந்துதான் வந்தது. ஓரத்தில் ஒரு சின்ன உடைசல். ஒரு பக்கம் முழுக்கக் கீறல், போடவே முடியாது. மறுபக்கம் பரவாயில்லை. லேபிளில் "மாட்டுங்கா பெண்கள்" என்று தமிழில் அச்சடித்திருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. எங்கள் பேட்டையின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கணவர் சாயங்காலம் வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமையில்லாமல், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு மத்தியானமே போட்டேன்.

பியானோ துள்ளிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு பெண் குரல், மெல்லிய, உயர்ந்த குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவது போல:

"குடையை மறந்தேன் மழையே, கொஞ்சம் பொறுத்துக்கோ,
கடையை அடைக்குமுன்னே காலை நனைக்காதே..."

ஆபீஸ் விட்டு ஓடுகிற ஒரு பெண் மழையோடு பேசுகிற பாட்டு. இரண்டாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. அப்புறம், இரண்டுக்கும் அடியில், தாழ்ந்து, ஒரே இடத்தில் நின்றபடி, மூன்றாவது குரல் வந்தது.

"பொறு... பொறு... கொஞ்சம் பொறு..."

அதே இழுப்பு, அதே இடைவெளி. இத்தனை நாள் சுவர் வழியாக நான் கேட்டது பாட்டே இல்லாத பாட்டு. மேலே இருக்க வேண்டியதெல்லாம் இந்தத் தட்டில் இருந்தது. அந்த இடைவெளிகளில் யாரோ பதில் சொல்வதாக நான் நினைத்தது சரிதான். பதில் சொன்னவள் இதோ பாடிக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. பிறகு சத்தமே இல்லை. பாட்டு முடிந்து, ஊசி வெறுமனே உராய்ந்துகொண்டிருந்தபோது என் கதவைத் தட்டினார்கள்.

மாமி நின்றுகொண்டிருந்தாள். கையில் புளிக்கரைசல் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் அறைக்குள் பார்த்தாள்.

"யாருடி பாடினது?"

"தட்டு மாமி. பழைய தட்டு."

"இன்னொரு தரம் போடு."

உள்ளே வந்து, தரையில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, சுழல்கிற தட்டையே பார்த்தாள். பாதிப் பாட்டில் தலையை ஆட்டினாள்.

"இது அவ இல்லே" என்றாள்.

"யாரு மாமி?"

"என் தங்கை. இது அவ இல்லே. கீச்சுக்கீச்சுனு குழந்தை மாதிரி இருக்கு. அவ குரல் இப்படி இருக்காது. என் குரலும் இது இல்லே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பெட்டியின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன முள் உண்டு. ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு தட்டு கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுகிறது என்று என் கணவரே சொல்லியிருந்தார். மறுபடி போட்டுவிட்டு, முள்ளை மெதுவாகத் தள்ளினேன்.

மாமி குனிந்து, தன்னுடைய "பொறு"வைப் பாட ஆரம்பித்தாள். தட்டிலிருந்த தாழ்ந்த குரல் அவளுக்கு மேலே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. முள்ளை இன்னும் தள்ளினேன். அது இறங்கி இறங்கி வந்தது.

"இன்னும். இன்னும் கொஞ்சம். இரு... கொஞ்சம் அதிகமாயிடுத்து, மேலே கொண்டு போ. அங்கேயே விடு."

இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டன. எது தட்டு, எது மாமி என்று பிரிக்க முடியவில்லை. அதே நேரத்தில் மேலே பாடிய குரலும் மாறியிருந்தது. குழந்தைத்தனம் போய், கொஞ்சம் கனத்து, கொஞ்சம் குறும்போடு, ஒரு வளர்ந்த பெண்ணின் குரல் ஆகியிருந்தது.

"இதோ வந்துட்டா" என்றாள் மாமி.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில். அந்த அறைக்குள் ஒரு ஆள் வந்து உட்கார்ந்ததை நான் உணர்ந்தேன். இன்றைக்கும் அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் மாமி சொன்னவற்றைக் கோத்துச் சொல்கிறேன். யுத்த காலத்தில் மாமியும் அவள் தங்கையும் ஒரு சிநேகிதியும் மாட்டுங்காவில் பள்ளிக்கூடம் முடித்த பெண்கள். பள்ளியில் பியானோ வாசித்த கோவாக்கார வாத்தியார் ஒருவர் அவர்களுக்குச் சேர்ந்து பாடச் சொல்லிக்கொடுத்தார். "மூணு பேரும் மூணு வேற வேற பாட்டுப் பாடணும், கேக்கறவாளுக்கு ஒரே பாட்டா கேக்கணும்" என்பாராம். தங்கைக்கு மேல்குரல். சிநேகிதிக்கு நடுக்குரல். மாமிக்கு அடிக்குரல். பாட்டெல்லாம் தங்கை எழுதியது. யுத்த நிதிக்காக நடந்த கச்சேரிகளில் பாடினார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்து போனால் பையன்கள் "குடையை மறந்தியா?" என்று கத்துவார்களாம். ஒரு நாள் தட்டு பதிவு செய்யவும் போனார்கள்.

"பதிஞ்சுட்டு வந்து கொஞ்ச நாள்தான்" என்றாள் மாமி. "டைபாய்டு. அப்பல்லாம் அதுக்கு மருந்து ஏது? தட்டு வந்து சேர்ந்தப்போ அவ இல்லே. ஊர்க்கண் பட்டுத்தான் போயிட்டா, பாட விட்டது தப்புன்னு எங்கம்மா அழுதா. அப்பா ஒரு தட்டைக்கூட வீட்டுல வெச்சுக்கலே. நான் கேட்டதே இல்லேடி. பாடினதோட சரி. அடுத்த தையில எனக்குக் கல்யாணம் பண்ணிட்டா."

"மத்தியானத்துல நீங்க பாடுறது எனக்குக் கேக்கும் மாமி" என்றேன்.

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "வாய்விட்டா பாடறேன்?"

"ஆமா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான். மேல் பாட்டு எனக்குப் பாட வராது. நான் இதைச் சொன்னா, அவ அந்தப் பக்கம் பாடறது எனக்குக் கேக்கும். கொஞ்ச வருஷமா அதுவும் சரியாக் கேக்கலே."

அதற்கப்புறம் மாமி தினமும் மத்தியானம் வந்தாள். என் கணவருக்குக் கவலையாகிவிட்டது. "இரும்பு ஊசி தட்டைச் சொரண்டிரும் பிள்ள. இப்படிப் போட்டா ஒரு வருசத்துல குரலே இருக்காது" என்றார். மூங்கிலை மெல்லிசாகச் சீவி ஊசி செய்துகொடுத்தார். சத்தம் குறைந்தது, ஆனால் தட்டுக்கு நல்லது. அடிக்கடி போட்டால் தட்டு தேய்ந்துபோகும் என்று மாமியிடம் நான் சொன்னபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் வரவில்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்தாள். ஒரு தடவை போடுவோம், அவ்வளவுதான்.

நடுக்குரல் பாடிய சிநேகிதி எங்கே என்று நான்தான் கேட்டேன்.

"செம்பூர்ல இருக்கா" என்றாள். "பாத்தே எத்தனையோ வருஷமாச்சு. சண்டை ஒண்ணும் இல்லே. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தா, மூணாவது ஆள் இல்லேங்கறது பளிச்சுனு தெரியும். அதனால அவ வரலே, நானும் போகலே."

ஆனாலும் ஒருநாள் போகலாம் என்று அவளே சொன்னாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். குர்லாவில் இறங்கி வண்டி மாறினோம். வழியெல்லாம் மாமி முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்த அம்மாள் நல்ல உயரம், நரை ஓடிய தலை. மாமியைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது என்பதை அவள் கண்ணில் நான் பார்த்தேன். ஆனால், "யாரு வேணும்?" என்றாள்.

"நான்தான்" என்றாள் மாமி.

உள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் பேப்பரைத் தாழ்த்தி, "யாரது?" என்றார்.

"மாட்டுங்காலேர்ந்து வந்திருக்கா. ஸ்கூல்ல கூடப் படிச்சவா."

"கூடப் பாடினவ" என்றாள் மாமி.

"பாட்டா?" என்று அவர் உரக்கச் சிரித்தார். "இவளா? ஒரு சுலோகத்தைக்கூட இவ ராகமாச் சொல்லி நான் கேட்டதில்லையே!"

"வேற யாரையோ நினைச்சுண்டு சொல்றா" என்றாள் அந்த அம்மாள், காப்பி போட உள்ளே போய்க்கொண்டே.

காப்பி வந்தது. பால் விலை, பிள்ளைகள் படிப்பு, மழை எல்லாவற்றையும் பேசினோம். பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வாசல் கேட்வரை வந்தாள். மாமிக்கும் எனக்கும் குங்குமம் வைத்துவிட்டாள்.

"நிஜமாவே தட்டு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கு."

"அவ குரல் இருக்கா அதுல?"

"இருக்கு" என்றாள் மாமி. "அப்படியே இருக்கு."

"அப்ப நான் வரலே" என்றாள் அவள். சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் வண்டியில் மாமி ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் போயிருக்கவே கூடாதோ என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, தட்டைப் போடப்போகிற நேரத்தில் வராந்தாவில் ஈரச் செருப்புச் சத்தம். செம்பூர் அம்மாள். பூ வாங்க மாட்டுங்கா மார்க்கெட் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"குடை எங்கேடி?" என்றாள் மாமி.

அவ்வளவுதான். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் என் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அடங்கிய பிறகு தட்டை வைத்தேன். முதல் அடி முடியும்வரை அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடி வந்ததும் கை தானாக விலகியது. நடுக்குரல். வறண்டுபோன குரல், பாதி இடங்களில் காற்றுதான் வந்தது. ஆனால் தப்பவில்லை. மாமி அடியில் சேர்ந்துகொண்டாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், இருவருக்கும் நடுவே இருந்த வெற்றுத் தரையைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள்.

தட்டு நின்றது. அவர்கள் நிறுத்தவில்லை. மறுபடி முதலிலிருந்து, தட்டு இல்லாமலே பாடினார்கள். மேல்பாட்டு இல்லாமல் இரண்டு குரல்கள் மட்டும். எனக்கு அந்தப் பாட்டு ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். எத்தனையோ முறை கேட்டவள். அந்தக் காலியிடம் என்னால் தாங்க முடியவில்லை. என்னையறியாமல் வாயைத் திறந்து, "குடையை மறந்தேன்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

மாமி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோபமாக இல்லை.

"வேண்டாம்டி. அது காலியாவே இருக்கட்டும்" என்றாள்.

நான் நிறுத்திக்கொண்டேன். அவர்கள் கடைசிவரை பாடி முடித்தார்கள். கீழே தெருவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டில் மழையைக் கெஞ்சுகிற இடங்களில் எல்லாம் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அம்மாள் அதற்குப் பிறகு, மாமி எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவரை, மறுபடி வரவில்லை. ஒரு தடவை போதும் என்று போகும்போதே சொன்னாள். "வீட்டுல அடுப்படியில நின்னுண்டு என்னை மறந்து பாடிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாள்.

அறுபதுகளின் கடைசியில் மாமியின் கணவருக்கு டெல்லிக்கு மாற்றலாகிவிட்டது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது தட்டை ஒரு பழம்புடவையில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். வாங்கி, மடியில் வைத்துத் தடவிவிட்டு, திரும்ப என் கையிலேயே கொடுத்தாள்.

"என்கிட்டே இருந்தா ஓயாம போட்டுண்டே இருப்பேன். தேஞ்சு போயிடுவா. உன்கிட்டே இருந்தா இருப்பா" என்றாள்.

அவள் போன பிறகு பல மாதங்கள் நான் அந்தத் தட்டைத் தொடவில்லை. மற்ற கோஷ்டிகளின் தட்டுகளைப் போடும்போதும் முன்னைப் போல வெறுமனே சிரித்துக் கேட்க முடியவில்லை. மவுத் ஆர்கன் சகோதரர்களில் யாராவது எங்கள் தெருவிலேயே காய்கறி வாங்கிக்கொண்டு போகலாம். அந்த விசிலை அடித்தவனின் மனைவிக்கே அது தெரியாமல் இருக்கலாம். தாதரில் கூட்டத்தில் வயதானவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனால் அருகில் போய்க் காது கொடுப்பேன்.

பிறகு ஒருநாள், பத்து மணி வாக்கில், செம்பூர் அம்மாள் என் வாசலில் நின்றாள். தனியாக வரவில்லை. கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண், கையில் புத்தகங்களோடு, எங்கே வந்திருக்கிறோம் என்று புரியாமல் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"என் பொண்ணு" என்றாள் அம்மாள். "மொட்டை மாடியில பசங்களோட சேர்ந்து பாடறாளாம். இவப்பா கத்தறார். பாடக் கூடாதுன்னு என்னையும் சொல்லச் சொன்னார். அதுக்கு முன்னாடி இவளை ஒண்ணு கேக்க வைக்கணும். தட்டு இருக்கோன்னோ?"

"இருக்கும்மா. உக்காருங்க."

பழம்புடவையைப் பிரித்து எடுத்தேன். மாமி நிறுத்தச் சொன்ன இடத்திலேயே வேக முள் இருந்தது. நாங்கள் அதை நகர்த்தியதே இல்லை. மூங்கில் ஊசியை மாற்றினேன். பியானோ துள்ளிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு தாளத்துக்குக் காலை ஆட்டினாள், பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும்மா இவா?"

"நாங்க" என்றாள் அம்மாள். "மூணு பேர். மேலே பாடறது போயிட்டா. அடியில பாடறவ டெல்லில இருக்கா. நடுவுல பாடறது நான்."

பெண் சிரிக்கவில்லை. பெட்டிக்கு அருகில் நகர்ந்து, காதை ஒட்ட வைத்துக்கொண்டாள். மேலே போகிற குரல் அவளுக்கு உடனே கேட்டது. "பொறு, பொறு" என்று அடியில் வந்த குரலும் கேட்டது, விரலால் அதற்குத் தாளம் போட்டாள்.

"நீ எங்கேம்மா?"

"இதோ... இதோ பாரு, இப்ப... இதோ ஏறறேன் பாரு..." அம்மாள் ஒரு விரலைத் தூக்கி, காற்றில் தன் குரல் போகிற வழியைக் காட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு குரலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு போகிற குரல். தெரிந்தவர்களுக்குத்தான் கேட்கும். எனக்கே அது பிடிபடப் பல மாதங்கள் ஆயின.

பாட்டு முடிந்துவிட்டது. பெண் தலையை ஆட்டினாள்.

"எனக்குக் கேக்கலேம்மா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை போடறேளா?" என்றாள்.

நான் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன்.